குருவம்மாவுக்குப் போட்ட சோறு

கோவில்பட்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்கே போனால் ஒரு ஹவுசிங் போர்டு காலனி வரும். அங்கே மாவு அரைத்து விற்கிற செண்பகவல்லி என்பவள் நாவல் படிக்க ஆரம்பித்ததே ஒரு தனிக்கதை. அதை நீட்டினால் நம்ம கதை ஆறிப்போகும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் ஓடுகிற நேரம் இருக்கிறதே, அது ஒரு கெட்ட நேரம். விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியாது, சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. மாவை வழித்துவிட ஒரு கை வேண்டும், மற்றக் கை சும்மாதான் கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த கைக்கு அவள் கிளை நூலகத்திலிருந்து தலகாணி தண்டிக்குத் தடித்த புத்தகங்களாகத் தூக்கிவந்து கொடுத்தாள். பழைய புத்தகங்கள், எழுதியவர்கள் எல்லாரும் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்ட புத்தகங்கள், பெரிய பெரிய மனிதர்கள் பெரிய நாவல் என்று கும்பிட்டுவிட்டுப் படிக்காமல் வைத்திருக்கிற புத்தகங்கள்.

படிப்பதோடு விட்டாளா? புருசன் வேலுச்சாமி வடக்கே லாரி ஓட்டுகிறவன். படித்ததையெல்லாம் அவனுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். ஒருநாள் அவனுக்கு அனுப்பவேண்டியதைக் கைதவறிக் காலனி குரூப்பில் போட்டுவிட்டாள். "ஜமீன் குடும்பம் மூணு தலைமுறையா அழியுது, அழியுதுன்னு ஐநூறு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. ஒரு பயலாவது வேலைக்குப் போனானா? ஆனா அந்தப் பெரிய மருமக கடைசியா விளக்கை அமத்திட்டு வெளியே வாரா பாருங்க, அத எழுதுன கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" வீட்டுக்கு வீடு காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அதற்கப்புறம் அவளை நிறுத்தவிடவில்லை. சந்தேகக்காரப் புருசன் கதையை அவள் பாதியில் மூடிவைத்து, மூன்றாம் நாள் மனசு கேட்காமல் மறுபடி திறந்ததும், பனி கொட்டுகிற தேசத்து நாவலில் பெயரெல்லாம் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு இருக்கிறது, ஆனால் அந்த ஊரிலும் மாமியார் மாமியார்தான் என்று அவள் சொன்னதும் காலனியில் எல்லாருக்கும் மனப்பாடம். திட்டுவாள், சிரிப்பாள், அழுவாள், ஆனால் ஒரு நாவலையும் லேசாகச் சொல்லமாட்டாள். அவளுக்கு அவையெல்லாம் குடியிருக்கிற வீடுகள்.

அப்படி இருக்கும்போதுதான் 'கஞ்சித்தொட்டி வாசல்' அவள் கைக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்து நாவல். அதில் வரும் குருவம்மாவைத் தெரியாதவர்கள் அந்தக் காலனியில் கிடையாது, ஏனென்றால் அவள் சாகிற கடைசிப் பக்கம் பத்தாம் வகுப்பில் பாடமாக இருந்தது. மழை தவறி, மாடு செத்து, புருசனும் பிள்ளைகளும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய், கரிசல் வெடிப்புக்கு மேலே தன்னந்தனியாகத் தெற்கே பார்த்து நடக்கிற குருவம்மா. பட்டினிச் சனத்துக்குச் சர்க்கார் கஞ்சி ஊற்றுகிற கஞ்சித்தொட்டி வாசலுக்கு வந்து சேர்ந்து, தன் முறை வந்த நேரத்தில், பின்னால் நின்ற யாரோ பெற்ற பிள்ளைக்குத் தன் முறையைக் கொடுத்துவிட்டு வாசல் தூணில் சாய்ந்து உயிரை விடுகிற குருவம்மா. முடிவு தெரிந்தேதான் செண்பகவல்லி படித்தாள். நல்ல நாவலுக்கு முடிவு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

ஒரு மத்தியானம் தட்டில் சோறும் சுண்டவத்தல் குழம்பும் வைத்துக்கொண்டு, புத்தகத்தை முழங்காலில் சாய்த்து, படித்துக்கொண்டே சாப்பிட்டாள். குருவம்மா கற்றாழைக் குருத்தை வேகவைத்துத் தின்றுவிட்டு வாந்தியெடுத்துக்கொண்டு நடக்கிற பக்கம். செண்பகவல்லி வாயில் போட்ட சோறு உள்ளே இறங்கமாட்டேன் என்றது. அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம்: சாப்பிடுகிற நேரத்தில் கண்ணுக்கு முன்னால் ஆள் நின்றால், அது யாராக இருந்தாலும், ஒரு கவளமாவது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கவளம். கண்ணுக்கு முன்னால் குருவம்மா நின்றாள். நூலகத்துப் புத்தகம் என்கிற நினைப்பே இல்லாமல், "ஒரு வாய் தின்னுட்டுப் போ தாயி" என்று சோற்றை உருட்டி அப்படியே பக்கத்தின் மேலே வைத்துவிட்டாள்.

கோடையில் ஊற்றின தண்ணீரைக் கரிசல் மண் உறிஞ்சுகிற மாதிரி அந்தச் சோறு உள்ளே போய்விட்டது. ஒரு பருக்கை இல்லை, ஒரு சொட்டுக் குழம்புக் கறை இல்லை. அடுத்த வரியில் அச்செழுத்தில் இருந்தது: குருவம்மா வழியோரம் உட்கார்ந்து, சுண்டவத்தல் மணக்கிற ஒரு கவளத்தை மென்றாள், அவளுக்கு விக்கியது. செண்பகவல்லி சட்டென்று தம்ளர்த் தண்ணீரைப் பக்கத்தில் சாய்த்தாள். விக்கல் நின்றது. அதுவும் அச்சில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் இதைப் பேசி அனுப்பியபோது, எப்படி நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்ன குழம்பு என்றுதான் கேட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மைமூன் மட்டும், ட்யூட்டி முடிந்து வந்த சேலையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாள்.

"ஏட்டி செம்பகம், ஒனக்குக் கூறு இருக்கா? நாள் கணக்கா பட்டினி கெடந்த வயித்துல எடுத்த எடுப்புல சோத்தயும் கொழம்பயும் வச்சிருக்கியே, கொடல் தாங்குமாட்டி? சாகப்போறவள நீயே கொன்னுப்புடுவ போலயே!"

"தெரியாம செஞ்சுட்டேன் மதினி. அவ மூஞ்சியப் பாத்து மனசு கேக்கல."

"மொதல்ல கஞ்சித்தண்ணி. ஒரு கல்லு உப்பு போட்டு. பொறவு நொய்க்கஞ்சி. நான் சொன்ன பொறவுதான் சோறு."

மைமூன் சொன்னபடிதான் நடந்தது. கஞ்சித்தண்ணி போயிற்று, நொய்க்கஞ்சி போயிற்று. பிறகு மைமூனே தன் கையால் காய்ச்சின நோன்புக்கஞ்சி தூக்குச்சட்டியில் வந்தது. குருவம்மா அதைக் குடித்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு தலையை அள்ளி முடிந்தாள் என்று அச்சில் வந்ததும் மைமூன் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கவேண்டுமா? ஆளாளுக்குக் கிண்ணத்தோடு வந்தார்கள். இட்லி வந்தது, புட்டு வந்தது, அவியல் வந்தது. எதிர்வீட்டுப் புளிக்குழம்பைக் குருவம்மா தொடவில்லை என்று ஒருநாள் வந்துவிட, எதிர்வீட்டுக்காரி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. யாரோ ஒரு குறும்புக்காரப் பிள்ளை நூடுல்ஸை வைத்துவிட, குருவம்மா அதைப் புழு என்று நினைத்துக் கும்பிட்டு ஒதுங்கிப்போனாள். கடலைமிட்டாய் வைத்தபோது மட்டும் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள், நாலு பக்கம் தள்ளி வழியில் பார்த்த ஒரு பிள்ளையின் கையில் அவிழ்த்துக் கொடுத்தாள். வார்டு தேர்தலில் நிற்க நினைத்திருந்த ஒருத்தர் "குருவம்மா அவர்களுக்கு இன்றைய மதிய உணவு உபயம்" என்று தன் படத்தோடு தெருமுனையில் பிளக்ஸ் போர்டு வைத்தார். அவர் அனுப்பிய பிரியாணியை மைமூன் திருப்பி அனுப்பிவிட்டாள், அவளுக்கு இன்னும் எண்ணெய் ஆகாது என்று.

வேறு பிரதிகளில் சோறு வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சாம்பார்க் கறைதான் மிச்சம். செண்பகவல்லி கையில் இருக்கிற புத்தகத்தில், அதுவும் அவள் அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிற பக்கத்தில் வைத்தால்தான் சோறு போகும். படித்து முடித்த பக்கத்தில் வைத்தால் போகாது. இங்கேதான் சிக்கல். சோறு போடவேண்டுமென்றால் பக்கத்தைத் திருப்பவேண்டும், பக்கத்தைத் திருப்பினால் குருவம்மா கஞ்சித்தொட்டி வாசலை நோக்கி இன்னும் ஒரு எட்டு வைப்பாள். வாசலில் அவளுக்குச் சாவு எழுதியிருக்கிறது. திருப்பாமல் மூடிவைத்தால் பட்டினி. இரண்டு பக்கமும் அடிபடுகிற மத்தளம் மாதிரி ஆயிற்று செண்பகவல்லியின் பாடு.

"இவ்வளவு நல்லவள எழுதிட்டு, கொல்ல எப்பிடி மனசு வந்துச்சு அந்த மனுசனுக்கு?" என்று குரூப்பில் ஏசினாள். "படுபாவி. பேனாவுல மையா வச்சிருந்தாரு, விசமா வச்சிருந்தாரு?" ஏசிவிட்டு, அடுத்த மூச்சில், "ஆனா ஒரு எடத்துல அவ நெழலு அவள விட மெலிஞ்சு கெடக்குன்னு எழுதியிருக்காரு, அந்த வரியவே நான் நாளெல்லாம் படிச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஞானசெல்வம் வந்தார். காலனியின் கடைசி வீட்டுக்காரர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், யாரையும் அதிர்ந்து பேசாதவர். தன்னுடைய சொந்தப் பிரதியை, ஓரமெல்லாம் மஞ்சளாகிப்போன பழைய பதிப்பை, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"யக்கா, இதுலயும் மாறிப்போச்சு. பாருங்க. என் புத்தகத்துல குருவம்மா அவியல் தின்னுக்கிட்டிருக்கா."

"நல்லாத் தின்னாளா சார்?"

"யக்கா, வெளயாட்டில்ல. எனக்கு பேங்க் வேல கெடச்சிருந்துது. அந்த வாரந்தான் இதப் படிச்சேன். அந்தக் கடைசிப் பக்கம் என்ன ஒறங்கவிடல. பேங்க் வேலைய விட்டுட்டு இந்தக் கரண்டியப் பிடிச்சேன். எங்கம்மா இன்னும் என்ன ஏசுதா. நான் வருத்தப்பட்டதே இல்ல. ஒருத்தி அங்க பசியில செத்ததுனால இங்க எத்தன பிள்ளைக சாப்பிட்டிருக்கு தெரியுமா? நீங்க அவளக் காப்பாத்திட்டா, இனிமே இதப் படிக்கிற எவனுக்கு வயிறு எரியும்?"

அவர் சொன்னது அத்தனையும் செண்பகவல்லிக்கும் தெரிந்ததுதான். ஒரு மகா மனுசன் எழுதின நாவலில் ஒரு புள்ளியை அசைக்க அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. "அதுக்காக அவ சாகணுமா சார்?" என்று மட்டும் கேட்டாள். இரண்டுபேரும் அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, சாகக்கிடக்கிற சொந்தக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காலனி இரண்டாகப் பிரிந்தது. காப்பாற்றியே ஆகவேண்டும் என்று மைமூன் கட்சி, தொடாதே என்று ஞானசெல்வம் கட்சி. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்த இடத்தில் சண்டை, ரேஷன் கடையில் சண்டை. செண்பகவல்லி எந்தக் கட்சியிலும் சேராமல் பக்கங்களை எவ்வளவு மெதுவாகத் திருப்பமுடியுமோ அவ்வளவு மெதுவாகத் திருப்பினாள். சில நாள் ஒரே ஒரு பத்திதான் படித்தாள். என்ன செய்து என்ன, பக்கம் குறைந்துகொண்டே வந்து, ஒரு சனிக்கிழமை குருவம்மா கஞ்சித்தொட்டியின் புகையைத் தூரத்தில் பார்த்துவிட்டாள். "இதுக்கு மேல அவள வெயில்ல நிறுத்திவைக்கது பாவம்" என்று செண்பகவல்லி குரூப்பில் சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் சத்தம் போட்டுப் படிக்கப் போறேன். வாரவுக வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக் கூடத்திலும் வாசலிலும் மாடிப்படியிலும் சனம். காலையிலிருந்து அவளே சமைத்திருந்தாள். சாம்பார், பொரியல், ரசம், தயிர், வடை என்று ஒன்றும் குறைவைக்கவில்லை. தலைவாழை இலையை மடியில் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வெள்ளை வேட்டியோடு ஞானசெல்வம் சுவரோரமாகத் தலைகுனிந்து நின்றார். அவர் உதடு அவளுக்கு முன்னாலேயே ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொண்டிருந்தது. குருவம்மா வாசலுக்கு வந்தாள். வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தது. செண்பகவல்லி படிப்பதை நிறுத்திவிட்டு, சோற்றையும் குழம்பையும் அள்ளிப் பக்கத்தின் மேலே வைத்தாள்.

"தின்னு தாயி. இது ஒனக்கு. ஒனக்கு மட்டுந்தான்."

சோறு போய்விட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள். குருவம்மா அந்தச் சோற்றைப் பின்னால் நின்ற பிள்ளையின் கையில் வைத்தாள்.

"ஏட்டி, பிள்ளைக்குக் குடுத்துட்டா. சரி, பிள்ளதான. இன்னொருக்க வையி" என்றாள் மைமூன். இன்னொரு கவளம் வைத்தாள். அது பிள்ளைக்குப் பின்னால் நின்ற கிழவனுக்குப் போயிற்று. அந்தக் கிழவனுக்கு நாவலில் பெயரே கிடையாது, அங்கே வெறும் 'கூட்டம்' என்றுதான் எழுதியிருந்தது. சோறு போனதும் அவன் விளாத்திகுளத்துச் சுப்பன் என்று ஆனான், இடது கண்ணில் பூ விழுந்தவன் என்று ஆனான். அடுத்த கவளத்துக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள், ஒருத்தி மாரியம்மா, ஒருத்தி பேச்சி. வைக்க வைக்கக் கூட்டம் ஆட்களாகப் பிரிந்தது, பேர் வந்தது, ஊர் வந்தது, முகம் வந்தது. இலை காலியாயிற்று, சட்டி காலியாயிற்று. யாரும் யாரையும் கேட்காமல் எழுந்து ஓடினார்கள். அவரவர் வீட்டு மத்தியானச் சோறு அண்டாவோடும் குக்கரோடும் வந்து இறங்கியது. எதிர்வீட்டுப் புளிக்குழம்பும் வந்தது. அதை வாங்கிக் குடித்த ஒரு நெசவாளி, இப்படி ஒரு குழம்பை நான் கண்டதில்லை என்று அச்செழுத்தில் சொன்னான். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குருவம்மா மட்டும் தின்னவே இல்லை. வந்ததையெல்லாம் வாங்கினாள், வாங்கி வாங்கிப் பின்னால் கொடுத்தாள்.

ஒரு கட்டத்தில் கொண்டுவர எதுவுமில்லை. "தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள்" என்ற வரியில் செண்பகவல்லியின் குரல் நின்றுவிட்டது. அடுத்த வரிக்குப் போகப் பயந்தாள். அப்போது சுவரோரத்தில் நின்ற ஞானசெல்வம், தொடாதே என்று கட்சி கட்டிய அந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வீட்டுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புச் சட்டியை ஒரு கையிலும் சோற்றுப் பானையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து, "போடுங்கக்கா, அந்தப் பிள்ளைகளுக்குப் போடுங்க" என்று புத்தகத்துக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே அள்ளி அள்ளி வைத்தார். அவர் அழுதது தெரு முழுக்கக் கேட்டது.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அத்தோடு காலனியில் சோறு தீர்ந்தது. வரிசையும் தீர்ந்தது.

அப்புறம் அந்தக் கடைசிப் பத்தி வந்தது. பத்தாம் வகுப்பில் எல்லாரும் மனப்பாடம் செய்த அதே பத்தி, ஓர் எழுத்து மாறவில்லை. குருவம்மா வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். சேலையை இழுத்து முழங்காலை மூடினாள். சாப்பிடுகிறவர்களின் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கவில்லை.

செண்பகவல்லி புத்தகத்தை மூடவில்லை. காலனியில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் ஒருத்தரும் சாப்பிட்டிருக்கவில்லை, யாருடைய வயிறோ இரைந்தது, யாரும் சிரிக்கவில்லை. மைமூன்தான் முதலில் வாய் திறந்தாள். "எவ்வளவு பிடிவாதக்காரியா இருந்திருக்காட்டி இவ!" என்றாள். என்றுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஞானசெல்வம் தன்னுடைய மஞ்சள் பிரதியை எடுத்துப் புரட்டினார். வாசலுக்கும் தூணுக்கும் நடுவே முன்பு இல்லாத எத்தனையோ பக்கங்கள், அதில் சாப்பிட்ட அத்தனைபேரும் பேரோடு இருந்தார்கள். புத்தகம் தடித்திருந்தது. அவர் விரலால் அந்தப் பேர்களைத் தடவிக்கொண்டே, "நான்தான் அவளச் சாகணும்னு சொன்னேன். நீங்க சொல்லலக்கா. நான் சொன்னேன்" என்றார்.

"சும்மா இருங்க சார். நீங்க சொன்னாலும் நான் சொன்னாலும் அவ கேக்கவா செஞ்சா?"

செண்பகவல்லி போனை எடுத்தாள். குரூப்பில் பேச வேண்டியதில்லை, குரூப்பே எதிரில் இருந்தது. வடக்கே எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிற லாரிக்குத்தான் பேசினாள்.

"ஏங்க, படிச்சு முடிச்சுட்டேன். செத்துட்டா. நாங்க ஊரே சேந்து போட்டோம், ஒரு பருக்க தின்னல. நான் அந்த எழுதுனவர வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டு இருந்தேம்லா, அவரு கொன்னுட்டாருன்னு. அவரு கொல்லலங்க. அவரும் இப்பிடித்தான் தட்டும் கையுமா அந்த வாசல்ல நின்னிருப்பாரு. இவ வாங்கித் திங்கிறாளான்னு பாத்திருப்பாரு. எத்தன நாள் நின்னாரோ பாவம், அப்ப அவருக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆளு இல்ல."